சோதனை ஓட்டம் நின்ற காலை

ஓய்வு பெற்ற என்னைப் போன மாதம் நம் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, சமோசாவும் டீயும் கொடுத்தீர்கள். போக்குவரத்துத் திட்டமிடலில் ஒரு திட்ட மேலாளருக்கு என்னென்ன திறமைகள் வேண்டும் என்று கேட்டீர்கள். எல்லாரும் சொல்வதையே நானும் சொன்னேன். பேசத் தெரிய வேண்டும், கேட்கத் தெரிய வேண்டும், பல துறைகளை ஒரே மேசையில் உட்காரவைக்கத் தெரிய வேண்டும் என்றேன். நீங்களும் மரியாதைக்குக் குறித்துக்கொண்டீர்கள்.

அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு பெண், "நீங்க எடுத்ததிலேயே கஷ்டமான முடிவு எது மேடம்?" என்று கேட்டாள். நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்துவிட்டேன். உண்மையில் நிறைய நேரம் இருந்தது. அந்தக் கேள்விக்கு எல்லாருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டு பதில் சொல்ல என்னால் முடியவில்லை. எழுதினால் முடியும் என்று தோன்றியது. எழுதுகிறேன்.

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை துறைமுக வண்டிகள் நிற்கும் சாலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள் துறைமுக வாசலுக்காக வரிசை கட்டி நிற்கும். ஓட்டுநர்கள் வண்டிக்கு அடியில் ஸ்டவ் வைத்துச் சோறு பொங்குவார்கள். வேட்டியைக் கம்பியில் உலர்த்துவார்கள். வரிசை திடீரென்று நகர்ந்தால் பாதி வெந்த சோற்றோடு ஏறி ஓட்டுவார்கள். அந்த வண்டிகளுக்கும் நடுச்சுவருக்கும் இடையில் மிஞ்சுகிற இடுக்கில்தான் பேருந்தும் ஆட்டோவும் சைக்கிளில் போகும் பள்ளிப் பிள்ளைகளும் போக வேண்டும். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். டிரெய்லர் அடித்து இறந்தவர்கள் இல்லாத தெரு எங்கள் பக்கம் கிடையாது. சிறுவயதில் அதை மழை வெயில் மாதிரி ஒரு விஷயமாகவே நினைத்திருந்தேன்.

அது மழையும் இல்லை வெயிலும் இல்லை, சாலையை யாரோ வரைந்ததில் வந்த கோளாறு என்று எனக்குக் காட்டியவர் எங்கள் தலைமை ஆலோசகர். அவர் பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார் என்பதால், தலைவர் என்றே எழுதுகிறேன். அந்தச் சாலைக்கு ஒரு மாற்று ஏற்பாட்டை அவர்தான் யோசித்தார். டிரெய்லர்களைச் சாலையில் நிற்கவே விடக்கூடாது. மாத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய காலி மனையில் நிறுத்திவைத்து, துறைமுக வாசல் தயாராக இருக்கும்போது மட்டும் கொத்துக் கொத்தாக அனுப்ப வேண்டும். அப்படி வரும் வண்டிகள், குடோன்களுக்குப் பின்னால் போகும் குறுகலான சாலையில் ஒருவழியாகப் போய் வாசலை அடைய வேண்டும். பெரிய சாலை மக்களுக்கு. அவ்வளவுதான் திட்டம். கேட்க எளிது. அதற்கு ஒவ்வொரு துறையின் ஒப்புதலையும் வாங்க அவர் அலைந்த அலைச்சலில் தலை நரைத்துவிட்டது. கடைசியில் ஒரு நாள் சோதனை ஓட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. களத்தில் திட்ட மேலாளர் நான்.

நான் இரண்டு நாள் கேட்டிருந்தேன். முதல் நாள் ஏதாவது தடைப்பட்டால், சரிசெய்துகொண்டு மறுநாள் மறுபடி ஓட்டிக் காட்டலாம் என்பது என் எண்ணம். அரசுத் தரப்பில் ஒரு நாள்தான் என்றார்கள்.

"சார், ஒரே நாள்னா, நடுவுல நின்னுடுச்சுன்னா திட்டமே தோத்த மாதிரி ஆயிடும்" என்றேன் தலைவரிடம்.

"ஒரு நாள் குடுத்ததே பெரிசும்மா. ரெண்டாவது நாளைக்குப் பிடிவாதம் பிடிச்சா முதல் நாளும் போயிடும்" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். எனக்கும் அந்த ஒரு நாளை விட மனமில்லை.

குடோன் சாலையில் ஒரு சிக்கல் இருந்தது. அதன் ஓரத்தில், கடற்கரையிலிருந்து எழுப்பி வந்து குடியமர்த்தப்பட்ட மீனவக் குடும்பங்களின் அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. அங்கிருந்து வெளியே வர இரண்டே வழி. ஒன்று இந்தக் குடோன் சாலை. இன்னொன்று பின்னால் சரக்கு ரயில் போகும் தண்டவாளத்தைக் கடக்கிற ரயில்வே கேட். டிரெய்லர் கொத்து போகிற நேரமெல்லாம் அவர்களுக்குக் குடோன் சாலை அடைபட்டுவிடும். அவர்கள் சம்மதிக்காமல் சோதனை ஓட்டம் நடத்த முடியாது.

பேசப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே பெண்கள் கூடியிருந்தார்கள். எல்லாருக்கும் சேர்த்துப் பேசியவர் ஸ்டெல்லா அக்கா. காசிமேட்டில் மீன் எடுத்துத் தண்டையார்பேட்டைத் தெருக்களில் விற்பவர். கணவர் அந்தோணி விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். நான் விரித்து வைத்த வரைபடத்தை ஸ்டெல்லா அக்கா பார்க்கவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லாரி போற வரைக்கும் நாங்க உள்ளயே கெடக்கணும். அதானே மேடம் சொல்ல வர்றே?"

"கொஞ்ச நேரம்தான்க்கா. ஒரு கொத்து போனதும் திறந்துடுவோம். உங்க பசங்க ஸ்கூலுக்குப் போறது பெரிய ரோட்டுலதானே? அது அன்னிக்குக் காலியா இருக்கும்."

"அது செரி. ஒரு ஆத்திர அவசரம்னா இன்னா பண்றது? பின்னால கேட்டாண்ட போனா, கூட்சு வண்டி நின்னுகினு கெடக்கும். எப்போ தொறப்பான்னு அவனுக்கே தெரியாது."

"அவசரம்னா நான் நிறுத்துவேன்."

"யாரு, நீயா?"

"நான்தான். அன்னிக்கு ரோட்டுல நிக்கப் போறது நான்தான்."

"பெரிய பெரிய ஆபீசருங்க வந்து, நிறுத்தாதேன்னு சொன்னா?"

"அப்பவும் நிறுத்துவேன்."

"ராயபுரம்னு சொன்னியே, எந்தக் கோயிலாண்ட?" என்று கேட்டார். சொன்னேன். "செரி. நம்ம ஊருப் பொண்ணு சொல்லுது. ஒரு நாளுதானே, வுடுங்கடி" என்று மற்றவர்களிடம் திரும்பிச் சொன்னார். கூட்டம் கலைந்தது. என்னுடைய கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டார்.

அந்த வாக்குறுதியைத் தலைவரிடம் சொன்னேன். "சரி, செய்" என்றார். அப்போது அவரும் நானும் அதை ஒரு பேச்சுக்குத்தான் வைத்திருந்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

சோதனை நாள் காலை நன்றாகப் போயிற்று. அதை நான் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அறிக்கையில் அது இல்லை. பெரிய சாலையில் ஒரு டிரெய்லர் கூட இல்லை. என் வாழ்நாளில் அந்தச் சாலையின் தரையை முழுதாக அன்றுதான் பார்த்தேன். பேருந்துகள் நேரத்துக்கு முன்பாகவே வந்தன. ஒரு ஓட்டுநர் வண்டியை மெதுவாக்கி, தலையை வெளியே நீட்டி, "இன்னா மேடம், இன்னிக்கி பாரத் பந்தா?" என்று கேட்டார். பள்ளிச் சீருடையில் பெண்பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் சைக்கிளை விட்டுக்கொண்டு பேசியபடியே போனார்கள். அந்தச் சாலையில் யாரும் அப்படிப் பேசிக்கொண்டு சைக்கிள் ஓட்டி நான் பார்த்ததில்லை. தலைவர் என் பக்கத்தில் நின்று அவர்களையே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

திட்டத்தைப் பார்த்து முடிவு சொல்ல, பத்து மணிக்கு மேல் அரசின் ஆய்வுக் குழு வருவதாக ஏற்பாடு. அவர்கள் வந்து இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது. அவர்கள் கிளம்பிவிட்டதாகத் தகவல் வந்த கொஞ்ச நேரத்தில் என் கைப்பேசி அடித்தது. ஸ்டெல்லா அக்கா.

"மேடம், அந்தோணிக்கு நெஞ்சு அடைக்குதுன்றாரு. வேர்த்துக் கொட்டுது மேடம். நூத்தியெட்டு வந்துகினு கீது. ரோட்டு மொனையிலேயே நிக்குதாம், உள்ள வுட மாட்டேன்றாங்களாம்."

என் குழுவில் வேலை பார்த்த பையன் பிரபு குடோன் சாலையின் முனையில் வாக்கி-டாக்கியோடு இருந்தான். கேட்டேன். ஆம்புலன்ஸ் அங்கே நிற்பது உண்மை. ஆனால் ஒரு கொத்து வண்டிகள் அப்போதுதான் சாலைக்குள் நுழைந்திருந்தன. ஆம்புலன்ஸ் குடியிருப்புக்குப் போக வேண்டுமானால் அவற்றுக்கு எதிரே போக வேண்டும். அந்தக் குறுகலில் டிரெய்லர் பின்னால் வர முடியாது. அவற்றை ஒதுக்க ஒரே வழி, நடுவில் உள்ள குறுக்குச் சந்து வழியாகப் பெரிய சாலைக்குத் திருப்பிவிடுவது. திருப்பினால் பெரிய சாலை அடைபடும். குழு அந்தச் சாலையில்தான் வந்துகொண்டிருந்தது.

தலைவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆம்புலன்ஸ ரயில்வே கேட் வழியா சுத்தி வரச் சொல்லு" என்றார்.

"கேட் மூடியிருந்தா சார்?"

"திறந்திருந்தா?"

"தெரியலையே சார். நம்ம ஆள் அங்க யாரும் இல்ல. கூட்ஸ் வண்டி ஒண்ணு உள்ள போச்சு, அதைப் பார்த்தேன். திரும்பினதைப் பார்க்கல."

"குழு இதோ வந்துடுவாங்க. வந்து பார்த்துட்டுப் போனப்புறம் என்ன வேணா பண்ணு." குரல் தாழ்ந்தது. "இது ஒருத்தர் விஷயம் இல்லம்மா. இந்த ரோட்டுல வருஷா வருஷம் எத்தனை பேர் போறாங்கன்னு உனக்குத் தெரியும். இன்னிக்கு விட்டா மறுபடி இந்த நாள் வராது. அதை யோசிச்சுச் சொல்லு."

அவர் சொன்னதை நீங்கள் லேசாக எண்ணிவிடக் கூடாது. அவர் பதவிக்காகப் பேசவில்லை. இறந்துபோனவர்களின் வீடுகளுக்கு அவர் போயிருக்கிறார். இனி இறக்கப் போகிறவர்களுக்காகத்தான் பேசினார். அவர்களுக்கு முகம் இல்லை, பெயர் இல்லை, என்னுடைய எண்ணும் அவர்களிடம் இல்லை. ஆனால் அவர்கள் நிச்சயம் இருந்தார்கள். அது எனக்கும் தெரியும்.

கைப்பேசியில் ஸ்டெல்லா அக்கா இன்னும் இருந்தார். என்னிடம் பேசவில்லை. அந்தோணியிடம், "மூச்சு வுடு, இதோ வந்துடும், மூச்சு வுடு" என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"பிரபு, எல்லா வண்டியையும் குறுக்குச் சந்துல திருப்பு. மாத்தூர் யார்டுக்குச் சொல்லி அடுத்த கொத்தை நிறுத்து. ஆம்புலன்ஸை உள்ள விடு" என்றேன்.

தலைவர் என் கையிலிருந்த வாக்கி-டாக்கியைப் பிடுங்கியிருக்கலாம். அவருக்கு அந்த அதிகாரம் இருந்தது. செய்யவில்லை. கொஞ்ச தூரம் நடந்து போய், சாலையைப் பார்த்தபடி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

ஆம்புலன்ஸ் உள்ளே போயிற்று. டிரெய்லர்கள் ஒவ்வொன்றாகச் சந்திலிருந்து பெரிய சாலைக்கு மூக்கை நீட்டின. அவற்றில் ஒன்று திரும்ப இடமில்லாமல் குறுக்கே நின்றுவிட்டது. அதன் பின்னால் பேருந்து, ஆட்டோ, மீன் வேன், எல்லாம். அந்த நெரிசலின் கடைசியில் ஆய்வுக் குழுவின் கார்கள் வந்து சேர்ந்தன. இறங்கிப் பார்த்தார்கள். ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்தார். தலைவர் அவர்களிடம் நடந்து போய் நெடுநேரம் பேசினார். காலையில் இந்தச் சாலை எப்படி இருந்தது என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார். அவர்கள் தலையாட்டிவிட்டு, வந்த வழியே காரைத் திருப்பச் சொன்னார்கள்.

அந்தோணி பிழைத்தார்.

சில நாட்கள் கழித்துக் கூட்டம் நடந்தது. திட்டம் அந்த இடத்துக்குப் பொருந்தாது என்று அறிக்கையில் எழுதப்போவதாகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் விஷயத்தை நான் விளக்கினேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி ஒரு வரியில் முடித்தார்.

"அந்த நேரத்துல ரயில்வே கேட் திறந்துதான் இருந்துது. விசாரிச்சுட்டோம். நீங்க நிறுத்தியிருக்க வேண்டிய அவசியமே இல்ல."

உண்மைதான். திறந்துதான் இருந்தது. சுற்றிப் போயிருந்தால் சில நிமிடங்கள் கூடியிருக்கும். அந்தச் சில நிமிடங்களில் அந்தோணி பிழைத்திருப்பாரா, மாட்டாரா? மருத்துவர்களாலும் சொல்ல முடியவில்லை.

தலைவர் பேசினார். "களத்துல முடிவெடுக்கிற பொறுப்பை நான்தான் அவங்ககிட்ட குடுத்தேன். அவங்களுக்கு அந்த நிமிஷம் என்ன தெரிஞ்சுதோ அதை வெச்சு முடிவெடுத்தாங்க. இதுல கேள்வி இருந்தா என்னைக் கேளுங்க." கோப்பை மூடினார்கள்.

திரும்பும்போது காரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ராயபுரம் பாலம் தாண்டும்போது, "நான் உன் இடத்துல இருந்தா நிறுத்தியிருக்க மாட்டேன்" என்றார்.

"நான் பண்ணது தப்பா சார்?"

"தெரியலம்மா. நிஜமாவே தெரியல." ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார். "நமக்கு யாரும் சொல்லவும் போறதில்ல."

அதன் பிறகு அவர் அதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. இரண்டாவது சோதனை ஓட்டம் கேட்டு இருவரும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினோம். அதை எழுதப்போவதில்லை. உங்களில் யாருக்கும் அது புதிதாக இருக்காது. அவர் ஓய்வு பெற்றார். டிரெய்லர்கள் பழையபடி பெரிய சாலையில் நின்றன, ஓட்டுநர்கள் சோறு பொங்கினார்கள், வேட்டி உலர்ந்தது.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை பிரபு எனக்குப் போன் செய்தான். சாலையில் தேங்கிய தண்ணீருக்கு ஒதுங்கிய ஒரு சைக்கிளை டிரெய்லர் இழுத்துவிட்டது. பள்ளிக்கூடப் பெண். ஸ்டெல்லா அக்காவின் குடியிருப்பில், பக்கத்துக் கட்டடம். திவ்யா என்று பெயர். அம்மா கஸ்தூரி ஒரு குடோனில் மிளகாய் தரம் பிரிக்கும் வேலை செய்பவர்.

தலைவருக்குச் சொன்னேன். "நீ அங்க போகாதே" என்றார். "போனா ஒரு கேள்வி கேப்பாங்க. அதுக்கு நீ பதில் சொல்ல வேண்டி வரும்."

போனேன். போகாமலிருக்க என்னால் முடியவில்லை.

வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். கஸ்தூரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அழுது ஓய்ந்த முகம். ஸ்டெல்லா அக்கா பெரிய அலுமினியக் கெட்டிலிலிருந்து டம்ளர்களில் டீ ஊற்றி வந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், ஒரு டம்ளரை நீட்டினார்.

யாரோ கஸ்தூரியிடம் நான் யார் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் தலையைத் தூக்கினார்.

"அந்த ரோடு மேடமா நீ?"

"ஆமாம்மா."

"அன்னிக்கி ஒரு நாளு ரோடு காலியா இருந்துச்சே. சாயங்காலம் வந்து சொன்னா மேடம். 'இன்னிக்கி ரோடு சூப்பரா இருந்துச்சும்மா, நாங்கல்லாம் பேசிக்கினே போனோம்'னு சொன்னா. நாளைக்கும் அப்டியே இருக்குமான்னு கேட்டா." மூச்சை இழுத்துக்கொண்டார். "அந்த ரோடு வந்திருந்தா எம் பொண்ணு இருந்திருப்பாளா?"

ஷாமியானாவுக்குள் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தச் சாலையில் வாக்கி-டாக்கியோடு நின்ற நிமிடத்தை விட இது கடினமாக இருந்தது. தெரியாது என்று சொல்லலாம். விதி என்று சொல்லலாம், அங்கே ஏற்கெனவே பலர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்தத் திட்டம் என்ன செய்யும் என்று அந்தக் கூட்டத்தில் அறிந்தவள் நான் ஒருத்திதான். அந்த ஒரு விஷயத்தில்தான் எனக்கு அங்கே ஏதாவது மதிப்பு இருந்தது.

"இருந்திருப்பாம்மா" என்றேன். "அந்த டிரெய்லர் அந்த ரோட்டுலயே இருந்திருக்காது."

கஸ்தூரி என்னைத் திட்டவில்லை. மெல்லத் தலையாட்டினார். தனக்குத் தெரிந்திருந்த ஒன்றை இன்னொருவரும் சொல்லிவிட்டார்கள் என்பது போல. பிறகு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

ஸ்டெல்லா அக்கா கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு என்னோடு வெளியே வந்தார். குடோன் சாலை வரை கூடவே நடந்தார். மழைத் தண்ணீரில் மிளகாய் நெடி வந்தது.

"என் வூட்டுக்காரருக்காகத்தானே அது நின்னுச்சு?" என்றார்.

"நிறுத்தினது நான்க்கா. நீங்க இல்ல."

"போன் பண்ணது நாந்தானே." சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தார். "அவரு பொழச்சதுக்கு மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்தினேன். வாரா வாரம் ஏத்தினேன். இப்போ போய் நின்னா எதுக்கு ஏத்தறதுன்னே தெரில. அந்தப் பொண்ணு எங்க வூட்டுல வந்து டிவி பாத்துகினு இருக்கும். எங்க வூட்டுல துன்னும். கஸ்தூரி என்னை ஒரு வார்த்த கேக்கல. கேட்டாக்கூடப் பரவால்ல."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மீன் நறுக்கி நறுக்கிக் காய்த்துப்போன கை. பிறகு அவரே கையை விடுவித்துக்கொண்டு, "டீ ஊத்த ஆளு இல்ல" என்று திரும்பிப் போனார்.

இப்போது உங்களுக்கு. நான் நிறுத்தியது சரியா என்று இதைப் படிக்கும்போது உங்களில் பாதிப் பேர் ஒரு பக்கமும் பாதிப் பேர் மறுபக்கமும் நிற்பீர்கள். நில்லுங்கள். என்னைக் கேட்டால், அந்தக் காலை மறுபடி வந்தாலும் நிறுத்தத்தான் செய்வேன். ஒரு குடியிருப்பே என் வார்த்தையை நம்பித் தன் வழியை அடைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தது. கேட் திறந்திருந்தது என்பது பிறகு தெரிந்த விஷயம். பிறகு தெரிந்ததை வைத்து முன்பு எடுத்த முடிவை அடிக்க எப்போதும் யாராவது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் குறுகிப் போகாதீர்கள்.

ஆனால் சரியான முடிவு எடுத்தால் மனம் இலேசாகிவிடும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். எனக்கு இலேசாகவில்லை. என் தலைவருக்கும் ஆகவில்லை. கஸ்தூரியின் பெண் இறந்ததைச் சொன்னபோது தொலைபேசியில் அவர் அழுத சத்தம் கேட்டது. அவர் பயந்ததுதான் நடந்தது. 'நான் சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்று வரை சொல்லவில்லை. அப்படிப்பட்ட ஒருவரிடம் வேலை செய்தேன் என்பதுதான் இந்தத் தொழிலில் நான் சம்பாதித்தது.

வேலை சம்பந்தமாக ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். ஒரு திட்டத்தை எப்படி ஓட்டுவது என்று வரைகிறோம். எப்படி நிறுத்துவது, நிறுத்திய பிறகு மறுபடி எப்படி ஓட்டுவது என்பதையும் சேர்த்து வரையுங்கள். நிறுத்தினால் தோல்வி என்று எண்ணுகிறவர்களிடமிருந்து அந்த இரண்டாவது நாளை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். தரமாட்டார்கள். பிடிவாதம் பிடியுங்கள். முதல் நாளும் போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். போகலாம். அப்போது என்ன செய்வது என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு அதற்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

சாலையில் ஒன்றுமே மாறவில்லை என்று சொல்ல மாட்டேன். திவ்யாவுக்குப் பிறகு அந்தப் பெண்களெல்லாம் சாலையில் உட்கார்ந்தார்கள். ஸ்டெல்லா அக்காவும் கஸ்தூரியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த படத்தைப் பிரபு எனக்கு அனுப்பினான். அதன் பலனாகப் பள்ளிக்கூடம் வரை ஓரமாக ஒரு தடுப்புக் கட்டினார்கள். சைக்கிள் போக இடம் கிடைத்தது. தடுப்பு முடிகிற இடத்தில் டிரெய்லர்கள் திரும்பும். பிள்ளைகள் அந்த இடத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். கஸ்தூரி அந்தச் சாலையைப் பார்க்க முடியாமல் மாத்தூரில் தங்கை வீட்டோடு போய்விட்டார்.

நானும் ஓய்வு பெற்ற பிறகு ஒரு காலை அந்தப் பக்கம் போயிருந்தேன். வேலை ஒன்றும் இல்லை, சும்மாதான். தடுப்பு முடிகிற அந்த முனையில் கைலி கட்டிய ஒருவர் கையைக் குறுக்கே நீட்டி நின்றுகொண்டிருந்தார். பிள்ளைகள் சைக்கிளை உருட்டிக்கொண்டு கடந்தார்கள். கிட்டே போன பிறகுதான் அந்தோணி என்று தெரிந்தது. பாதியாக இளைத்திருந்தார். கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டாராம்.

"டாக்டர் இப்படி வெயில்ல நிக்கலாம்னு சொன்னாரா அண்ணே?" என்று கேட்டேன்.

"அவரு படுத்துகினே கெடன்றாரு" என்றார், சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "படுத்துகினு இன்னா பண்றது?"

"யாராவது நிக்கச் சொன்னாங்களா?"

"யாரு சொல்லுவாங்க?"

ஸ்டெல்லா அக்காவை விசாரித்தேன். மீனுக்குப் போயிருக்கிறாள், நன்றாக இருக்கிறாள் என்றார். அன்றைய காலையைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அடுத்த கூட்டம் பிள்ளைகள் வந்தார்கள். அந்தோணி சாலைக்குள் இறங்கிக் கையை நீட்டினார். வேகமாகத் திரும்பிய ஒரு டிரெய்லர் அவர் நெஞ்சுக்கு ஒரு முழ தூரத்தில் கீச்சிட்டு நின்றது. ஓட்டுநர் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே தள்ளிக் கத்தினார்.

"யோவ் பெருசு! வூட்ல சொல்லிக்கினு வந்தியா?"

அந்தோணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளைகளைப் போகச் சொல்லி மறு கையை அசைத்தார்.

"சொல்லிக்கினுதாம்பா வந்தேன்" என்றார்.